நடு சீட்டு

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோ தாயி. எனக்கு ஜன்னல் வேண்டாம், காத்து மூஞ்சியில அடிச்சா பேச முடியாது. எங்க எறங்கணும்? விருதுநகரா? அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இந்த பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள போகாது, பைபாஸ்லயே நிப்பாட்டி எறக்கி விட்டுட்டுப் போயிருவான். நீ கண்ணசந்தாலும் நான் எழுப்பி விடுறேன், கவலப்படாத. நான் திருமங்கலம். அங்க எறங்கி ஆட்டோ பிடிச்சு ஏர்போர்ட்டு. என் மகன் ஜப்பான்லருந்து வாரான். நாலு மணிக்கு பிளேன்.

ஆமா, ஜப்பான்தான். எல்லாரும் இப்படித்தான் கண்ணை விரிக்கிறாக. நானே போயிட்டு வந்தேன், சித்திரை மாசம். பதினஞ்சு நாள். கோயிலு, மலை, ரயிலு எல்லாம் பாத்தேன், ஆனா அதைப் பத்திக் கேட்டா எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒரு மேட்ச்சு. பேஸ்பால் மேட்ச்சு. அதை நெனச்சுத்தான் மூணு நாளா தூக்கமே இல்ல.

யார்ட்டயாவது சொல்லிரணும் தாயி. தெரிஞ்சவுககிட்ட சொன்னா விடியறதுக்குள்ள கோவில்பட்டி பூரா பரவிரும். நீ யாரோ எவரோ, எறங்கிப் போயிருவ. அதான் உன்கிட்ட சொல்றேன்.

எங்க வீட்டுக்காரவுக பி.டி. வாத்தியார். முப்பத்தோரு வருஷம் ஒரே பள்ளிக்கூடம். எங்க ஊர்ல பி.டி. சார்னா தெரியாத ஆளு கெடையாது. கழுத்துல விசில் தொங்கும், ஆனா ஊதி நான் பாத்ததே இல்ல. அவுக தொண்டை அப்படி. கிரவுண்டுக்கு அந்தக் கடைசியில எவனாவது சண்டை போட்டான்னா இங்கருந்தே "ஏலேய்!" அம்புட்டுத்தான். ரோட்டுல சைக்கிள்ல போறவன் கூட எறங்கி நின்னுருவான். அந்தச் சத்தத்துலதான் நான் வாழ்ந்தேன். வீட்டுக்குள்ள அவுக ஒரு வார்த்தை பேசுனா நான் பத்து வார்த்தை பேசணும், இல்லேன்னா அந்தச் சத்தம் சுவத்துலயே நிக்கும்.

ஒரே மகன். பேரு செண்பகராஜ். வீட்ல ராசு. எஞ்சினியருக்குப் படிச்சான். அவனுக்கு எங்க நாத்தனார் மக சங்கரேஸ்வரியைக் கட்டணும்னு, அது பொறந்த அன்னைக்கே அண்ணனும் தங்கச்சியும் பேசி வச்சுட்டாக. நம்ம பக்கத்துல இருக்கிற வழக்கம்தானே. நாள் நெருங்கையில இவன், "நான் அவளைத் தங்கச்சி மாதிரி பாத்து வளந்தவன், என்னால முடியாது"ன்னுட்டான். ஜப்பான்ல வேலையும் கெடைச்சிருச்சு. பெட்டியைக் கட்டிட்டான்.

அவுக வாசல்ல நின்னுக்கிட்டு, அந்தத் தொண்டையில, தெருவே கேக்கச் சொன்னாக. "போ. ஆனா ஒண்ணு. நான் செத்தாலும் நீ கொள்ளி வைக்க வராத."

பெத்த அப்பன் மகனைப் பாத்துச் சொல்ற சொல்லா அது? சொல்லு. அதைவிட ஒரு சொல்லு நம்ம பேச்சுல இருக்கா? அவன் செருப்பை மாட்டுனான், போயிட்டான். அது ஆச்சு ஆறு வருஷம்.

அந்தச் சங்கரேஸ்வரிக்கு திருப்பூர்ல நல்ல எடத்துல கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளைக. அவளே ராசுக்குப் போன் போட்டு "அத்தான், சௌக்கியமா"ன்னு பேசுறா. சண்டைக்குக் காரணமானவ மறந்துட்டா. இவுக ரெண்டு பேருக்குத்தான் மறக்கல.

என்ன தாயி, என்னமோ சொல்ல வந்தியே? தண்ணி வேணுமா? இந்தா, குடி. சாத்தூர் வந்துட்டோம் பாரு. இங்க எல்லாரும் சேவுக்கு எறங்குவாக, நமக்கு எதுக்கு. கேளு.

அந்த ஆறு வருஷமும் நான்தான் நடுவுல. அவன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். இவுக பக்கத்து நாற்காலியில பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருப்பாக. பேப்பரைத் திருப்பவே மாட்டாக. "அங்க நிலநடுக்கமாமே, என்னன்னு கேளு"ம்பாக. நான் போன்ல, "ராசு, அப்பா ரொம்பக் கவலப்படுறாகப்பா, ராத்திரி பூரா தூங்கல"ம்பேன். தூங்குனாக, நல்லாத்தான் தூங்குனாக. அங்கிட்டு அவன், "அப்பா பிபி மாத்திரை போடுறாகளாம்மா"ன்னு கேப்பான். நான் போனை மூடிட்டு இவுககிட்ட, "உங்களை நெனச்சு அழுறான்"னுவேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளி சேக்குறதுதான். சேக்காம எப்படி? இவுக பேச்சை அப்படியே கொண்டு போய் வச்சா யார் வாயில வைக்க முடியும்? நான் இல்லேன்னா அந்த ஒரு நூலும் அறுந்து போயிருக்கும்னு நெனச்சேன். நெசமாத்தான் நெனச்சேன்.

போன தை மாசம் அவுகளுக்குத் தொண்டை கட்டுச்சு. சளின்னு கஷாயம் வச்சுக் குடுத்தேன். மாசி வந்தும் போகல. மதுரைக்குப் போனோம். குழாயை விட்டுப் பாத்துட்டு டாக்டர் சொன்னாரு, குரல்வளையை எடுக்கணும்னு. உசுருக்கு வேற வழியில்லைன்னுட்டாரு. எடுத்தா பேச்சு வராது. சித்திரையைத் தாண்டக் கூடாதுன்னு நாளும் குறிச்சுக் குடுத்தாரு.

பஸ்ல திரும்பி வாரோம். இதே ரோடுதான். நான் அழுதுக்கிட்டே வாரேன். அவுக ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னாக, "அதுக்கு முன்னால அவனைப் பாத்துட்டு வந்துருவோம்." எனக்கு அழுகை நின்னு போச்சு. ஆறு வருஷமா அவன் பேரைக்கூடச் சொல்லாத மனுசன். "எதுக்குங்க?"ன்னேன். "ஒரு வார்த்தை சொன்னேன்ல. அதைத் திருப்பி எடுக்கணும். வாயால சொன்னது, வாய் இருக்கும்போதே எடுத்துரணும்"னாக. பெறவு என் பக்கம் திரும்பி, "நோயைப் பத்தி அவன்ட்ட மூச்சு விடக் கூடாது. எரக்கப்பட்டு அவன் பேச வேண்டாம். சத்தியம் பண்ணு"ன்னாக.

பண்ணுனேன். என் ஆயுசுல எந்த ரகசியமும் என் வயித்துல ஒரு நாள் தங்குனதில்ல. இது ஒண்ணைத்தான் காப்பாத்துனேன். காப்பாத்தியிருக்கவே கூடாத ஒண்ணை.

ஜப்பான்ல எறங்குனதுலருந்து நான் காத்துக்கிட்டு இருக்கேன், இப்ப சொல்லுவாக, இப்ப சொல்லுவாகன்னு. எங்க? ரயில்ல நான் நடுவுல. கோயில்ல நான் நடுவுல. சாப்பிட உக்காந்தா நான் நடுவுல. "அப்பாவுக்கு இந்த மீனு பிடிக்குமான்னு கேளும்மா." "போதும்னு சொல்லு." ஒரு முழ தூரத்துல உக்காந்துக்கிட்டு, ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாத்துப் பேசுறாக. ரெண்டு பேர் பக்கமும் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. குரலும் அவுகளுக்கு நாளுக்கு நாள் கம்முது. தகரத்தைக் கீறுன மாதிரி ஒரு சத்தம். "அப்பாவுக்கு என்னம்மா தொண்டை?"ன்னு கேட்டான். "குளிரு ஒத்துக்கல"ன்னேன்.

பதினாலாவது நாளும் வந்துருச்சு. மறுநாள் காலையில பிளேன். கடைசி நாள் அவன் சொன்னான், "மத்தியானம் ஒரு மேட்ச் இருக்கும்மா, பேஸ்பால். டிக்கெட் போட்டிருக்கேன். அப்பாவுக்குப் பிடிக்கும்ல." ஒசாகா பக்கம் ஒரு பெரிய மைதானம். இவுக பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைகளுக்கு சாப்ட்பால் பழக்கிக் குடுத்தவுகதானே. அதைக் கேட்டதும் அவுக மூஞ்சியில ஒரு வெளிச்சம். எனக்கும் அப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு. செண்பகவல்லித் தாயே, இன்னைக்குச் சொல்ல வச்சிருன்னு வேண்டிக்கிட்டேன்.

மூணு சீட்டு. ராசு சொன்னான், "ம்மா, நீ ஓரத்துல உக்காரு. எந்திரிச்சுப் போக வர வசதியா இருக்கும்." எனக்கு என்ன அவசரம்னு சொல்லிட்டு நடுவுலயே உக்காந்தேன். பின்ன? ரெண்டு பேரும் பேச்சில்லாம முறைச்சுக்கிட்டு உக்காந்துட்டா? அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு எனக்கு அப்ப உறைக்கல. இன்னும் ஒரு தடவைகூட, "இல்லம்மா, நீ ஓரமா"ன்னான். "சும்மா கெட"ன்னுட்டேன்.

ஆட்டம் ஒண்ணும் எனக்குப் புரியல. ஒருத்தன் மட்டையை வச்சிக்கிட்டு நிக்கான், பந்து வருது, அடிச்சான்னா மட்டையைக் கீழ போட்டுட்டு ஓடுறான். நம்ம ஆளுக மட்டையோடதான ஓடுவாக? "எடுத்துட்டுப் போகக் கூடாதா, எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்"னேன். ராசு சிரிச்சான். அவுகளும் சிரிச்சாக. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சு ஆறு வருஷம் ஆச்சு.

ஆனா ஒண்ணு பாத்தேன். அது இங்க எங்கயும் இல்லாத முறை. எங்க பக்கம் பூரா பச்சைச் சட்டை. நம்ம டீம் மட்டை பிடிச்சா மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு கொட்டு அடிக்குது, ஊதுகொழல் ஊதுது, ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தனித்தனியாப் பாட்டுப் பாடுது. காது செவிடாகும். எதிர் டீம் மட்டை பிடிச்சதும் எங்க பக்கம் கப்புனு அடங்கிருது. உக்காந்துர்றாக. டப்பாவைத் தெறந்து சோறு சாப்பிடுறாக. அந்தப் பக்கத்து நீலச் சட்டைக எந்திரிச்சுக் கத்துறாக. "அவங்க முறை வந்தா அவங்கதான் கத்தணும்மா. நாம சும்மா இருக்கணும். அது மரியாதை"ன்னான் ராசு. அவுக தலையை ஆட்டுனாக, ரொம்ப நல்ல பழக்கம்ங்கிற மாதிரி. பாதி நேரம் வாயை மூடிக்கிட்டு உக்காரணுமாம்! எனக்கு அது சரிப்பட்டு வருமா? நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்.

இப்ப யோசிச்சாத்தான் புரியுது தாயி. நம்ம பக்கம் கத்தும்போது அவுக குரல் எடுபடாது. அடங்குற நேரத்துக்குத்தான் அவுக காத்துக்கிட்டு இருந்திருக்காக. ஒவ்வொரு தடவையும் அடங்குனதும் ஒரு செருமல் செருமுவாக. மூணாவது தடவையோ நாலாவது தடவையோ, முன்னால குனிஞ்சு, "ராசு"ன்னாக.

பேரு. ஆறு வருஷத்துக்கப்புறம் அந்த வாயிலருந்து அவன் பேரு. அவன் விருட்டுனு திரும்பினான். நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? சந்தோசம் தாங்கல எனக்கு. "ராசு, அப்பா கூப்பிடுறாக பாரு! என்னன்னு கேளு! என்னங்க, குளிருதா? டேய், அப்பாவுக்குக் குளிருதாம், உன் கோட்டைக் கழட்டிக் குடு. தண்ணி இருக்கா? அந்தப் பையில பாரு"ன்னு மடமடன்னு பேசிட்டேன். அவன் கோட்டைக் கழட்டிக் குடுத்தான். அவுக வாங்கி மடியில வச்சிக்கிட்டாக. வாயை மூடிக்கிட்டாக. நம்ம முறை வந்திருச்சு. கொட்டு ஆரம்பிச்சிருச்சு.

என்ன தாயி? நீயும் என்னமோ கேக்க வாரியே. ராசுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையான்னா? ஆகலை. அதை அப்புறம் சொல்றேன், இதை முடிச்சுக்கிறேன்.

ரெண்டு டீமும் மாறி மாறி மட்டை பிடிச்சு அஞ்சாவது ரவுண்டு வந்தப்ப எனக்கு பாத்ரூம் போகணும்னு ஆயிருச்சு. ராசு கூட வாரேன்னான். "நீ ஆட்டத்தைப் பாரு, எனக்குத் தெரியாதா"ன்னுட்டு நானே போனேன். கைப்பையை அவன் மடியில வச்சிட்டேன். போனு, டிக்கெட்டு எல்லாம் அதுக்குள்ள. ஆனா அடையாளம் பாத்துத்தான் போனேன். அங்க சின்னச் சின்னப் பொண்ணுக முதுகுல டிரம்மைக் கட்டிக்கிட்டு, குழாயில பீர் ஊத்தி ஊத்திக் குடுக்குதுக. எங்க படிக்கட்டு வாசல்ல ரோஸ் தொப்பி போட்ட பொண்ணு ஒண்ணு நின்னுச்சு. அதை அடையாளம் வச்சுக்கிட்டேன்.

திரும்பி வந்து பாக்குறேன், எல்லா வாசல்லயும் ரோஸ் தொப்பி. யாவாரம் பண்ற பிள்ளை ஒரே எடத்துல நிக்குமா? அந்தப் புத்தி எனக்கு வேணும்ல! ஒரு வாசல்ல நுழைஞ்சேன், பச்சைக் கூட்டம். இன்னொண்ணுல நுழைஞ்சேன், அதுவும் பச்சைக் கூட்டம். வட்டமா ஒரே மாதிரி. ஒரு எழுத்து படிக்கத் தெரியல. கொட்டுச் சத்தம் வேற. ஐயோ, நான் இல்லாம ரெண்டு பேரும் என்ன பண்ணுவாக? பேச ஆள் இல்லையே! அதுதான் என் பயம். சிரிக்காத. நான் தொலைஞ்சு போனேன்னு பயப்படல. அவுக பேச்சு தொலைஞ்சு போகுமேன்னு பயந்தேன்.

ஒரு காவக்காரப் பெரியவர் என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு மேசைக்கு முன்னால உக்கார வச்சாரு. அங்க ஒரு பொண்ணு. நான் தமிழ்லயே சொன்னேன். மகன், வீட்டுக்காரவுக, தொண்டை, ஆபரேசன், கொள்ளி, எல்லாத்தையும் சொன்னேன். அவ, "ஹாய், ஹாய்"னு, அவுக பாஷையில ஆமா ஆமாங்கிறதாம், தலையைத் தலையை ஆட்டிக்கிட்டுக் கேட்டா. கண்ணுல தண்ணி கூட வந்துச்சு அவளுக்கு. குறுக்க ஒரு வார்த்தை பேசல. சொல்லி முடிச்சதும் எந்திரிச்சு என் கையைப் பிடிச்சு, ஒவ்வொரு வாசலாக் கூட்டிட்டுப் போனா. ரெண்டு ரவுண்டு முடிஞ்சு போச்சு அதுக்குள்ள.

ஆறாவது வாசலோ ஏழாவது வாசலோ. படியில நின்னு கீழ பாக்குறேன். அந்தா இருக்காக.

என் சீட்டுல ராசு உக்காந்திருந்தான். அவன் மணிக்கட்டை இவுக பிடிச்சிருந்தாக. இவுக வாய் அவன் காதுக்குப் பக்கத்துல. அவன் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தான். எதிராளி முறை. எங்க பக்கம் பூரா அடங்கிக் கெடக்கு.

நான் அங்கயே நின்னிருக்கலாம். அந்தப் படியில உக்காந்திருக்கலாம். ஒரு ரெண்டு நிமிசம். யாரு என்னைத் தொரத்துனா? எனக்குத் தோணலையே. என்னைக் காணோம்னு ரெண்டு பேரும் தவிச்சுப் போய்ப் பேசிக்கிறாகன்னு நெனச்சேன். "ராசூ! இந்தா இருக்கேன்!"னு கத்துனேன். எங்க பக்கத்து அமைதியில என் ஒருத்தி சத்தம்தான். பச்சைச் சட்டை பூரா திரும்பிப் பாத்துச்சு. அவுகளும் திரும்பிப் பாத்தாக. பிடிச்ச கையை விட்டுட்டாக.

நான் ஓடிப் போய், "நகரு, நகரு"ன்னு ராசுவை ஓர சீட்டுக்குத் தள்ளிட்டு நடுவுல உக்காந்தேன்.

உக்காந்து, ஆட்டம் முடியிற வரைக்கும் நான் தொலைஞ்ச கதையைச் சொன்னேன். ரோஸ் தொப்பியிலருந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாம. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டாக. ராசு மூஞ்சி ஒரு மாதிரி செத்துப் போயிருந்துச்சு. என்னைத் தேடிப் பயந்துட்டான் பாவம்னு நெனச்சேன். மறுநாள் ஏர்போர்ட்டுல அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு நான் அழுத அழுகையில, பக்கத்துல இவுக நின்னதே எனக்குத் தெரியல. பிளேன்ல கேட்டேன், "பேசுனீகளா?"ன்னு. கண்ணை மூடிக்கிட்டாக. பேசிட்டாக, அந்த நிம்மதியில தூங்குறாகன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன்.

இந்தக் கண்டக்டரு ஏன் இப்படிக் கத்துறாரு? மனுசர் பேச விட மாட்டாரு போல. நீ உக்காரு தாயி, எங்க எந்திரிக்கிற? அவரு டிக்கெட் கேக்கத்தான் கத்துவாரு, நாமதான் எடுத்துட்டோம்ல. உக்காரு. முக்கியமான எடம் இது. உன் கையைக் குடு.

ஆபரேசன் முடிஞ்சுச்சு. கழுத்துல ஓட்டை. மூச்சு அது வழியா. அதுக்கப்புறம்தான் ராசுக்குச் சொன்னேன். "வாப்பா, அப்பா உன்னை வரச் சொல்றாக"ன்னேன். "அப்பாவா சொன்னாக?"ன்னு கேட்டான். "ஆமா"ன்னேன். "லீவு இல்லம்மா"ன்னான். எனக்கு வந்துச்சே கோவம்! சொந்தக்காரவுக அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேன், கல்லு மனசுக்காரன், அப்பன் தொண்டையை அறுத்துப் போட்டிருக்கு, எட்டிப் பாக்கல பாருன்னு. பெத்த வாயாலயே சொன்னேன்.

போன வாரம் திரும்ப மதுரைக்குப் போனோம். நெஞ்சுக்கும் எறங்கிருச்சாம். டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பாக்க வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லுங்க"ன்னாரு.

அவுககிட்ட ஒரு சிலேட்டு இருக்கு. சின்னப் பிள்ளைக விளையாடுறது. எழுதிட்டு பட்டனை அமுக்குனா அழிஞ்சிரும். நான் கேட்டேன், "ராசுவை இன்னொரு தடவ வரச் சொல்லிப் பாக்கட்டுமா?" அவுக எழுதுனாக. "வர மாட்டான்." ஏன்னேன். பட்டனை அமுக்கிட்டு எழுதுனாக. "பாதிதான் சொன்னேன்."

எனக்குப் புரியல. எதைப் பாதி? எப்பப் பாதி? திரும்ப எழுதுனாக. எழுத்து கோணலாப் போகுது. "நான் செத்தா கொள்ளி வைக்க வராதன்னு அன்னைக்குச் சொன்னேன்ல. இது வரைக்கும் சொல்லிட்டேன். நீ வந்துட்ட."

நான் அந்தச் சிலேட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். பட்டனை அவுக அமுக்கல. நானும் அமுக்கல.

புரியுதா தாயி? என் பிள்ளை கேட்டது அந்தப் பாதிதான். ஆறு வருஷம் கழிச்சு, கையைப் பிடிச்சு உக்கார வச்சு, காதுல வாயை வச்சு, கொள்ளி வைக்க வராதன்னு அப்பன் திரும்பவும் சொன்னதா அவன் கேட்டிருக்கான். அதோட நான் போய் நகருன்னு உக்காந்துட்டேன். அவன் எப்படி வருவான்? லீவு இல்லாம என்ன, அவனுக்கு மூஞ்சி இல்ல வர.

உடனே போன் போட்டேன். "ராசு, அவுக அதைத் திருப்பி எடுக்கத்தான்பா வந்தாக! சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் வந்துட்டேன்பா!"ன்னு கத்துறேன். அவன் பொறுமையாக் கேட்டான். "இதை நீ சொல்றியாம்மா, அப்பா சொல்றாகளா?"ன்னான். "அப்பாதான்"னேன். "ஆறு வருஷமா அப்பா சொன்னாக, அப்பா சொன்னாகன்னு நீ எத்தனையோ சொன்ன. அதுல எது அப்பா சொன்னது, எது நீ சொன்னதுன்னு எனக்குத் தெரியலையேம்மா"ன்னான்.

எனக்கு அன்னைக்குத்தான் வாய் அடைச்சுப் போச்சு.

பெறவு வீடியோவைப் போட்டு அவுக மூஞ்சிக்கு நேராப் பிடிச்சேன். சிலேட்டுல எழுதிக் காட்டுங்கன்னேன். மாட்டேன்னு தலையை ஆட்டுனாக. வாயால சொன்னது, வாயாலதான் எடுப்பேங்கிற அந்தப் பிடிவாதம் இன்னும் போகல. உதட்டை அசைச்சாக. சத்தம் கெடையாது, வெறும் உதடு. அதை உத்துப் பாத்தாத்தான் புரியும். எனக்கு நாலு மாசப் பழக்கத்துல டக்குனு புரிஞ்சிரும். உடனே நான், "ராசு, அப்பா என்ன சொல்றாகன்னா..."ன்னு ஆரம்பிச்சுட்டேன். அவன் போனை வச்சுட்டான்.

ஒரு மணி நேரம் கழிச்சு மெசேஜ் வந்துச்சு. நேர்ல வந்து பாத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை மதுரை. அம்புட்டுத்தான்.

இன்னைக்கு ஞாயிறு. நாலு மணிக்கு எறங்குறான். நான் முடிவு பண்ணிட்டேன் தாயி. வாசல் வரைக்கும் அவனைக் கொண்டு போய் விட்டுட்டு, கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிருவேன். சாயங்காலப் பூசை முடியிற வரைக்கும் திரும்ப மாட்டேன். அவுக உதட்டை இவன் பாக்கட்டும். எம்புட்டு நேரம் ஆனாலும் சரி. ஆனா அவனுக்குப் பழக்கம் இல்லையே? தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்னா? திரும்பவும் அந்த முதல் பாதியோட நின்னுட்டாகன்னா? அவுகளுக்கு மூச்சு வாங்குது, ஒரு வார்த்தைக்கு ஒரு தடவ நிக்காக. நான் பக்கத்துல இருந்தா எடுத்துக் குடுக்கலாம். ஓரமா இருந்தா போதும், நடுவுல வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை மட்டும்... பாத்தியா? பாத்தியா என் புத்தியை? எனக்கு என்னைய நெனச்சாத்தான் பயமா இருக்கு. அவுக போயிட்டாகன்னா, அந்தச் சொல்லு அப்படியே நின்னு போச்சுன்னா, இவன் கொள்ளியைத் தொட மாட்டான். அப்பன் சொல்லைத் தாண்ட மாட்டான் அவன், எனக்குத் தெரியும். வாசல்லயே நிப்பான். யாரோ ஒரு பங்காளி மகன் வந்து வைப்பான். அதை நான் பாக்கணும்.

ஏன் தாயி அழுற? எனக்காகவா? ஏன் வெளியவே பாத்துக்கிட்டு இருக்க? என்ன ஊரு இது. கள்ளிக்குடியா?

விருதுநகர் போயிருச்சா?

ஐயய்யோ! எப்பப் போச்சு? நான் எழுப்பி விடுறேன்னு சொன்னேனே! நீ முழிச்சுக்கிட்டுத்தான இருந்த, சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்ல வந்தியா.

ஆமா. சாத்தூர்ல வாயைத் தொறந்த, நான் தண்ணியைக் குடுத்தேன். அப்புறம் ஒரு தடவ தொறந்த, இதை முடிச்சுக்கிறேன்னேன். கண்டக்டர் விருதுநகர் விருதுநகர்னு கத்தையில எந்திரிச்ச. கையைப் பிடிச்சு உக்கார வச்சதே நான்தான். பாத்தேன் தாயி. உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டேதான் பேசுனேன்.

மன்னிச்சுக்கோ. திருமங்கலத்துல எறங்கி உன்னைத் திரும்பிப் போற பஸ்ல ஏத்தி விட்டுட்டுத்தான் நான் நகருவேன். அதுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு. நீ சொல்லு. நீ யாரு, எதுக்கு விருதுநகருக்குப் போற, எல்லாம் சொல்லு. நான் வாயைத் தொறக்க மாட்டேன். இந்தா, முந்தானையை வச்சிப் பொத்திக்கிட்டேன். பழகிப் பாக்கணும்ல. நாலு மணிக்கு பிளேன்.

ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு, அம்மாவுக்கா? எந்த வார்டு? பயப்படாத, எங்க அவுகளுக்கும் முதல்ல இப்படித்தான்...

இல்ல. இல்ல தாயி. நீ சொல்லு.